பெண் பார்க்கப் போன இடத்தில் கிளட்ச் மாற்றியவன்

என் பெயர் அம்பிகைபாகன். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது, "துறைமுகத்தில கிளார்க்கா இருந்த ஸ்ரீஸ்கந்தராஜாவின்ர மூண்டாவது மகன்" என்று தொடங்குவார்கள். பிறகு சற்று நிறுத்தி, "மற்ற ரெண்டு பேரும் நல்லா வந்திட்டினம்" என்று முடிப்பார்கள். பெரியண்ணன் பல் டாக்டர். சின்னண்ணன் ஆசிரியர், ஆசிரியையையே கல்யாணமும் செய்துகொண்டார். நான் பள்ளி இறுதிப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை வாங்கியதை விட இரண்டாம் முறை குறைவாக வாங்கியது எங்கள் குடும்பத்தில் நான் மட்டுமே செய்த சாதனை.

அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பினார். நான் மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். அதோடு வகுப்பும் முடிந்தது. கடைசியில் சுங்கை பினாங்கு பக்கம் கார்த்திகேசு அண்ணன் வைத்திருந்த பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி சிலர் வந்து போனார்கள்.

பழைய டீசல் பிக்கப்புகளில் கிளட்ச் மாற்றுவது பட்டறையில் யாருக்கும் பிடிக்காத வேலை. எஞ்சினுக்குப் பின்னால் பிளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம் சுழலும். அதன் முகத்தில் கிளட்ச் தட்டு அழுந்திப் பிடித்தால்தான் வண்டி நகரும். காலால் மிதித்தால் தட்டு விலகும், கியர் மாற்றலாம். தட்டு தேய்ந்து போனால் எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது. அந்தத் தட்டை எட்டுவதற்கு முதலில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எங்களிடம் அதற்கான ஜாக் கிடையாது. யாராவது ஒருவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அதை வயிற்றில் வாங்க வேண்டும். கார்த்திகேசு அண்ணன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் பார்வை என் வயிற்றில் வந்து நின்றது.

"அம்பி, கியர்பாக்ஸ் வேலையெல்லாம் இனிமே ஒனக்குத்தான் லா. கடவுள் ஒனக்கு மெத்தை வச்சே அனுப்பியிருக்கான்."

அப்படித்தான் நான் கிளட்ச் வேலையில் கெட்டிக்காரன் ஆனேன். கெட்டிக்காரனிடம் ஒரே ஒரு குறை. எனக்கு லைசென்ஸ் இல்லை. மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும் என்று ஒரு சோதனை உண்டு. முழுக்க முழுக்கக் கிளட்ச் சம்பந்தப்பட்ட அந்தச் சோதனையில்தான் நான் ஒவ்வொரு முறையும் தோற்றேன். ஒருமுறை வண்டி உருளத் தொடங்கியதுமே சோதனை அதிகாரி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நான் மாற்றிய கிளட்சுகளைக் கார்த்திகேசு அண்ணன்தான் ஓட்டிப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன்.

எண்பத்தொன்றாம் வருடம் எனக்குப் பெண் தேடினார்கள். கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்புத்துரை என்பவர் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தார். அவருடைய மகள் பத்மாவதி பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். தரகர் என்னை 'மோட்டார் எஞ்சினியர்' என்று சொல்லி வைத்திருந்தார். அப்பா அதை மறுக்கவில்லை. அவருக்கும் ஆசை இருக்காதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவுடன் போனேன். பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது, பத்மாவதியும் வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டே பலகாரத்தை முடித்தேன். பேச்சு ஓய்ந்த நேரத்தில் அப்புத்துரை தொண்டையைச் செருமினார்.

"தம்பி மோட்டார் ஆள்தானே. எங்கட பிக்கப் ஏத்தத்தில ஏறுதில்லை. ஒருக்கா பாருங்கோவன்."

தோட்ட நிர்வாகம் கழித்துக்கட்டிய பழைய டீசல் பிக்கப் அது. அவர் அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். எனக்கு உயிர் வந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கேட்டேன், மோந்து பார்த்தேன். கருகிய வாடை. சபையில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்:

"கிளட்ச் முடிஞ்சுது ஐயா. இந்த வண்டியை ஓட்டுறது ஆரோ கிளட்ச் மேலயே காலை வைச்சுக்கொண்டு ஓட்டுற மடையன்."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் ஓட்டுறனான்" என்றாள் பத்மாவதி.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் போய் உட்கார முடியுமா? சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டேன். தோட்டத்துப் பட்டறையில் வண்டியை மேலே நிறுத்தி அடியில் வேலை செய்யக் குழி வெட்டி வைத்திருந்தார்கள், சாமான்களும் இருந்தன. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெனியனோடு கிடக்க, அப்பாவும் அம்மாவும் வெயில் தாழப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். போகும்போது அப்பா குழிக்குள் எட்டிப் பார்த்து, "எஞ்சினியர், நாங்கள் போட்டு வாறம்" என்றார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், தட்டு காகிதமாகத் தேய்ந்து, ஆணிகள் பிளைவீலையும் கீறியிருந்தன. சூடேறி முகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அதன் மேல் புதுத் தட்டைப் போட்டால் வண்டி கிளம்பும்போதெல்லாம் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். பிளைவீலையும் கழற்றி, லேத்தில் முகம் சீவ வேண்டும். நான் நம்பிய லேத் கடை ஜார்ஜ் டவுனில் பிராங்கின் கால்வாய்ப் பக்கம் இருந்தது. ஆகவே பிளைவீலை ஒரு பிரம்புப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பட்டர்வொர்த் போய், படகில் ஏறினேன்.

படகில் சின்னண்ணனின் மனைவி சற்குணம் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, பொம்பிளை வீட்டில இருந்தோ வாறீர்?"

"ஓம் அண்ணி."

"பையுக்குள்ள என்ன? பலாப்பழமோ?" அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. துணியை விலக்கினார். "இதென்ன இரும்பு?"

"பிளைவீல் அண்ணி. அவையின்ர."

படகு கரை சேர்வதற்குள் விளங்கப்படுத்தலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பெண் வீட்டார் சீதனமாக இரும்புச் சக்கரம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"சீதனம் கேக்கக் கூடாது எண்டு சொன்னனான்தான்" என்றார் அப்பா. "அதுக்காக இரும்போ வாங்குறது?"

அடுத்த ஞாயிறு, முகம் பளபளத்த பிளைவீல், புதுத் தட்டு, புது பேரிங் எல்லாவற்றோடும் தனியாகப் போனேன். அண்ணி சிரித்ததை நினைத்து, வேலையில் ஒரு குறையும் வரக்கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். பத்மாவதி குழிக்குப் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். பிளைவீலைப் பூட்டினேன். எல்லாம் ஒழுங்கு. கிளட்ச் தட்டைக் கையில் எடுத்தேன். அந்தத் தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஸ்பிரிங் புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால், மிதித்தாலும் தட்டு விலகாது. பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே படிக்கிற பாடம் அது.

"நீங்க எப்பவும் இப்பிடித்தான் வேர்ப்பீங்களோ?" என்று கேட்டாள் பத்மாவதி.

என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே தட்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். அதன் மேல் பிரஷர் பிளேட்டைப் பூட்டி, கியர்பாக்ஸையும் ஏற்றி, கையைத் துடைத்துக்கொண்டு பெருந்தன்மையாக, "நீங்களே ஓட்டிப் பாருங்க. ஓட்டுறவைக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றேன்.

அவள் ஏறினாள். எஞ்சின் கிளம்பியது. கிளட்சை மிதித்து கியர் போட்டால் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம்.

"விழுகுதில்லை."

"புதுசு. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி. "எஞ்சினை நிப்பாட்டி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க."

நல்ல பிள்ளை, சொன்னபடி செய்தாள். வண்டி குதித்தது. பட்டறையை விட்டு வெளியே பாய்ந்து, பாதையைத் தாண்டி, அப்புத்துரை வீட்டு வேலிக்குள் நுழைந்தது. அவள் பிரேக்கை மிதித்தும், அங்கே நின்ற முருங்கை மரத்தைச் சாய்த்த பிறகுதான் எஞ்சின் திணறி நின்றது. சத்தம் கேட்டு அப்புத்துரை சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தார். மகளைப் பார்த்தார், காயம் இல்லை. மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கிளட்ச் வேலை செய்யுதோ தம்பி?"

"இல்லை ஐயா. அதாலதான்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி குழிக்கு மேல் நிறுத்தினோம். மறுபடி கியர்பாக்ஸ், மறுபடி வயிறு. சாமான் விற்ற கடைக்காரன் மேல் பழியைப் போடலாம் என்று உள்ளுக்குள் ஒரு யோசனை தயாராக இருந்தது. பத்மாவதி டார்ச்சைத் திருப்பினாள்.

"இதில 'பிளைவீல் சைட்' எண்டு எழுதியிருக்கு. பிளைவீல் அங்காலயெல்லோ இருக்கு?"

"ஓம். திருப்பிப் போட்டிட்டன்" என்றேன். வேறென்ன சொல்வது? இங்கிலீஷில் எழுதியிருந்தது, அவளுக்கு இங்கிலீஷும் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் எனக்கு முருங்கைக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் பரிமாறினார்கள். மிஞ்சிய காய்களைக் கட்டி என் பைக்குள்ளும் வைத்தார்கள். யாரும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

பின்னேரம் வண்டி ஒழுங்காகிவிட்டது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது, நடுக்கமில்லாமல் கிளம்பியது. பத்மாவதி என்னைப் படகுத்துறையில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா கமலாம்பிகை துணைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் பத்மாவதி கேட்டாள்.

"நீங்க ஏன் ஒருக்காலும் ஓட்டிப் பார்க்கேல்லை?"

"லைசென்ஸ் இல்லை."

"பறிச்சுட்டாங்களோ?"

"குடுத்தால்தானே பறிக்கிறதுக்கு."

மேட்டுச் சோதனைக் கதையைச் சொன்னேன், அதிகாரி இறங்கி நடந்தது வரை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தாள். கமலாம்பிகை மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன். வேறு வழியில்லை, இறங்கி நடக்க ஊர் தூரம்.

சம்மதம் என்று கடிதம் வந்தபோது எங்கள் வீட்டில் யாராலும் நம்ப முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமா அப்புத்துரையிடமே கேட்டேன்.

"எஞ்சினியர் எண்டது பொய் எண்டு முதல் நாளே தெரியும்" என்றார் அவர். "எஞ்சினியர்மார் வண்டிக்கு அடியில படுக்கிறேல்லை. இவள்தான் நீர் வேணும் எண்டு நிண்டவள். ஏன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

எனக்கும் விளங்கவில்லை. அவளிடம் கேட்டால், "டார்ச் பிடிச்சுப் பழகிட்டேன் லா" என்பாள்.

பினாங்குப் பாலம் திறந்த பிறகு அக்கரைக்குக் குடிபோய் செபராங் ஜெயாவில் வீடு எடுத்தோம், ஜுருவில் நானே ஒரு பட்டறை போட்டேன். நான் கிளட்ச் மாற்றுவேன். பத்மாவதி அலுவலகம் முடிந்து வந்து ஓட்டிப் பார்ப்பாள். "கடைசியில ஒரு சின்ன நடுக்கம் இருக்கு" என்றால் இருக்கும். பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, காய்கறி ஏற்றும் சலேஹா என்ற மலாய் அம்மா தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தால் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "காக்காக் இருக்காங்களா?" என்று கேட்பார். காக்காக் என்றால் அக்கா; அந்த அக்கா ஓட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் அவருக்குத் திருப்தி. முதலாளி நான்தான் என்று ஒருமுறை சொன்னேன். "ஓ, அப்படியா" என்றார், மரியாதைக்கு.

எங்கள் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், நான் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றாள் பத்மாவதி. மாமாவின் தோட்டத்து மேட்டில் பழக்கினாள். வண்டி உருண்டது. மறுபடி உருண்டது.

"நீங்க கிளட்சைப் பாதியில பிடிக்கிறீங்க இல்லை. ஒண்ணு முழுசா மிதிக்கிறீங்க, இல்லாட்டி முழுசா விடுறீங்க. ஏன்?"

அதுவரை யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன்.

"பாதியில பிடிச்சால் தட்டு வழுக்கும், பத்மா. பிளைவீலோட உரசித் தேயும். எனக்கு அது காதில கேக்குது. பொறுக்க முடியேல்லை."

அவள் மேட்டின் உச்சியைக் கையால் காட்டினாள்.

"தேயட்டும் லா. தேஞ்சால் மாத்துறதுக்குத்தானே நீங்க இருக்கிறீங்க."

காலைப் பாதி எடுத்தேன். தட்டு உரசியது, வண்டி ஒரு கணம் மேட்டில் அப்படியே நின்றது, பிறகு மெல்ல மேலே போனது. அடுத்த மாதம் சோதனையில் தேறினேன். பல் டாக்டர் அண்ணன் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். ஒரு பரீட்சையில் தேறியதற்கு அவரிடம் நான் வாங்கிய முதல் வாழ்த்து.

அந்த வாரமே தாசேக் கெலுகோர் போய்த் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் என்னைக் கடந்து போயின. ஒரு சைக்கிள்கூடக் கடந்ததாக மகள் சொல்கிறாள், அது பொய். பத்மாவதி முதலில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறிது தூரத்தில் அவள் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன், தூங்கிவிட்டிருந்தாள். என் ஓட்டுதலின் மேல் இருந்த நம்பிக்கை என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வாரம் முழுக்க வேலை செய்த களைப்பு என்று அவள் சொல்கிறாள்.