மறுமுனையில் சாமியாரம்மா

எண்களை அழுத்தி முடித்ததும் கண்களை மூடிக்கொள்வார். மறுமுனையில் மணி அடிக்கும்போதே இமைகள் இறங்கிவிடும். யாராவது எடுத்து "அலோ" என்றால் தலை லேசாகச் சாயும். கருவியைத் திரும்ப வைக்கும்வரை கண் திறக்க மாட்டார். அதனால்தான் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவருக்குச் சாமியாரம்மா என்று பெயர். "சத்தம் போடாதீங்கப்பா, அம்மா தியானத்துல இருக்காங்க" என்று தேநீர் கொண்டுவருபவர்கூடக் கிண்டல் செய்வார். தியானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சாமி, பூதம் எதையும் நம்பாத மனுஷி. காது வேலை செய்கிற நேரத்தில் கண்ணுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கட்சி.

அவர் இருக்கும் நிறுவனம் பல நாடுகளில் சோப்பும் பற்பசையும் விற்கிறது. அதற்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் ஏராளம்: பெட்டி செய்கிறவர், மூடி வார்க்கிறவர், லாரி ஓட்டுகிறவர். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதுக் கணக்கில் பணம் போடவும்" என்று அவர்களில் ஒருவர் பெயரில் மின்னஞ்சல் வரும். எழுதியவர் அவரேதானா, அவர் பெயரில் நுழைந்த திருடனா? தெரிந்துகொள்ள, பழைய எண்ணுக்கு இங்கிருந்து கூப்பிட்டு ஒருவர் கேட்டாக வேண்டும். அந்த ஒருவர் சாமியாரம்மா. அங்கிருந்து வருகிற அழைப்பை நம்பக்கூடாது, இங்கிருந்து போகிற அழைப்பை மட்டுமே நம்பலாம் என்பது விதி. "எவன் வேணா நம்மளைக் கூப்பிடலாம்டி. நாம யாரைக் கூப்பிடறோம்கிறதுதான் கணக்கு" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்வார். விதியின் மேல் அவ்வளவு பிடிப்பு.

இத்தனை வருடம் பேசியும் அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. மூடிக்காரர் பேசுமுன் தொண்டையைச் செருமுவார். லாரிக்காரர் வீட்டில் எப்போதும் ஒரு தையல் இயந்திரம் ஓடும். பெட்டிக்காரர் பேச்சு நடுவே யாரையாவது, "அடேய், பசை காயறதுக்குள்ள ஒட்டுடா" என்று விரட்டுவார். முதலில் 'மேடம்' என்றார், அப்புறம் 'அம்மா' ஆயிற்று, கடைசியில் எப்போது என்று தெரியாமலே 'தங்கச்சி' ஆகிவிட்டது.

வீடு என்று இருப்பது ஓர் அறை, ஒரு சமையல் மூலை, பக்கத்துக் கட்டிடச் சுவரைப் பார்த்த ஜன்னல். கல்யாணம் நடக்கவில்லை. அண்ணன் வேறு ஊரில். அண்ணியின் உடம்பு சரியில்லாவிட்டால் மட்டும் அங்கிருந்து அழைப்பு வரும். மற்றபடி அவர் கைப்பேசிக்கு வருவது, கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவு செய்த பெண் குரல் ஒன்றுதான். ஊரே எரிச்சலோடு துண்டிக்கும் அந்தக் குரலை அவர் கடைசிவரை கேட்பார். "பாவம், இதையும் ஒருத்தி உக்காந்து பேசித்தானே இருப்பா?" என்பார்.

பெட்டிக்காரரின் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. மறுபடி நடப்பாரா என்பதற்கு மருத்துவர் உறுதி கொடுக்கவில்லை. கணக்கு எண்ணைச் சரிபார்க்கக் கூப்பிட்டபோது அந்த மனிதர் உடைந்து அழுதுவிட்டார். சாமியாரம்மா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. பதிவுகளைக் கேட்கவென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"ரெண்டு நிமிஷத்துல முடியற அழைப்பு மேடம். பதினோரு நிமிஷம் போயிருக்கு."

"அழுதாருங்க. போனை வைய்யான்னா சொல்றது?"

"அவர் உங்களைத் தங்கச்சின்னு கூப்பிடறாரு. சொந்தமா?"

"இல்லீங்க."

"சொந்தம்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. சொந்தமில்லாத தங்கச்சிக்குப் படிவமே இல்லையே மேடம். 'நெருக்கம்'னு குறிச்சிருக்கோம்."

"அந்த மனுஷன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

"பார்க்காமலே நெருக்கம் வரும். அதான் ரிஸ்க்."

"போன வாரம் நம்ம பெரிய அதிகாரி, நமக்குக் காகிதம் அனுப்பற கம்பெனி முதலாளியோட படகுல போய் ரெண்டு நாள் தங்கிட்டு வந்தாரே, அது?"

அதிகாரி சிரிக்காமல் சொன்னாள். "அது உறவு பேணுதல். முறையா அனுமதி வாங்கியிருக்காங்க."

விதியில் பொய் இல்லை. பழக்கத்தைப் படியாக்கித்தான் திருடர்கள் ஏறுகிறார்கள். இன்னொரு நாட்டுக் கிளையில் அப்படி ஒரு கொள்ளையே நடந்ததாம். ஆனால் படகில் ஏறிப் போனால் உறவாகவும், கண்ணீரைக் காது கொடுத்துக் கேட்டால் ஆபத்தாகவும் ஆகிற விதியை எழுதியவன் எந்த மாடியில் உட்கார்ந்து எழுதினான் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சாமியாரம்மா கேட்கவில்லை. "விதி சரிதாம்மா" என்று சொல்லி அதிகாரி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

பெட்டிக்காரர், மூடிக்காரர், லாரிக்காரர் எல்லோரும் பக்கத்து இருக்கைக்காரியின் பொறுப்புக்குப் போனார்கள். சாமியாரம்மாவுக்குப் புது ஆட்கள். பழையவர்களோடு இனி எந்த வழியிலும் பேசக்கூடாது. பேசினால் இவர் வேலைக்கு வேட்டு என்பது இருக்கட்டும். பேசப்பட்டவர் சந்தேகப் பட்டியலில் ஏறுவார், விசாரணை முடியும்வரை அவருக்குப் போகவேண்டிய பணமும் நிற்கும். இதை அதிகாரி இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரி பெட்டிக்காரரைக் கூப்பிட்டாள். பெயர், பதிவு எண், சரி, நன்றி. முடிந்தது. சாமியாரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அருகே போனார்.

"குரல் எப்படிடி இருந்துச்சு?"

"குரலா? குரல் மாதிரிதான் இருந்துச்சு."

"சோர்ந்து இருந்தாரா? பின்னால ஏதாவது சத்தம்?"

"ஐயோ அக்கா, நான் நம்பரைத்தானே கேட்டேன்! அவர் வீட்டுல கல்யாணமா கருமாதியான்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் அவள். பிறகு இவர் முகத்தைப் பார்த்து, "அடுத்த தடவை கேக்கறேன்" என்று குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டாம். உனக்கும் பதிவாகும்" என்று நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வேலை என்னவோ நடந்தது. புதுக் குரல்கள் எண்களைச் சொல்லின. மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் கூட்டமாகக் கிளம்பும்போது, "நீங்க போங்க, எனக்கு ஒரு அழைப்பு இருக்கு" என்பார். அழைப்பு இருக்காது.

அப்படி எல்லோரும் போயிருந்த ஒரு மதியத்தில்தான் அவர் மேஜைத் தொலைபேசி தானாக அடித்தது. இங்கே வெளியிலிருந்து அழைப்பு வருவதே அபூர்வம். எடுத்தார். யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. எதுவும் பேசுமுன்பே அவர் இமைகள் இறங்கிவிட்டன.

"தங்கச்சியா பேசுறது?"

பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆமாம் என்றால் போதும், மருத்துவமனைக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு வருமானம் நின்றுபோகும்.

"இல்லைங்க" என்றார். "அவங்க இப்ப இந்தப் பொறுப்புல இல்லை. இந்த நம்பருக்கு நீங்க கூப்பிடக் கூடாதுங்க."



"அப்படிங்களா. தப்பா நினைச்சுக்காதீங்க. அவங்களைப் பார்த்தா ஒரு வார்த்தை சொல்லிடுவீங்களா? வீட்டுல கட்டுப் பிரிச்சாச்சு. நேத்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வாசல் வரைக்கும் நடந்துட்டா. என்னைத் திட்டக்கூட ஆரம்பிச்சுட்டான்னு சொல்லுங்க."

"சொல்லிடறேங்க."

"உங்க குரலும் அவங்க குரல் மாதிரியே இருக்குதுங்க" என்றார் பெட்டிக்காரர். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

சாமியாரம்மா கருவியை அதன் இடத்தில் வைத்தார். கண்ணைத் திறக்காமலே அதன் முதுகின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.