வானத்தின் வாயைப் பொத்துகிறவர்

மாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்ததும் லிப்ட் மெக்கானிக் முதலில் பார்ப்பது மோட்டாரை அல்ல, மேற்கை. சூரியன் உயரத்தில் இருந்தால் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவார். இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டு, கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து கேமராவை எடுப்பார். உயரமான கட்டடங்களில் லிப்ட் ஏன் சாயங்காலம் பார்த்தே கெட்டுப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பழுதுக்கு நேரம் காலம் தெரியுமா என்பது அவர் வாதம்.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஃபைலிலிருந்து வெட்டிய கறுப்பு அட்டையைக் கையில் எடுப்பார். பொத்தானை அழுத்தியதும் லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மறைத்து, அடுப்புக்கு விசிறுகிறவர்போல லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆட்டாமல் பிடித்தால் படத்தின் குறுக்கே கோடு விழுந்துவிடும். எவ்வளவு நேரம்? லிப்ட் கதவு மூடுகிற நேரம். "டொய்ங்... சர்ர்ர்..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து, "டப்"புக்குக் கொஞ்சம் முன்னால் அட்டையை விலக்குவார். மங்கலான தரைக்கு முழு நேர வெளிச்சம், கண்ணைக் கூசும் வானத்துக்கு மிச்சம் மீதி.

இது என்ன கூத்து என்று கேட்ட வாட்ச்மேனிடம் ஒருநாள் விளக்கினார்: "வானம் சத்தமாப் பேசுற மாமியார். தரை முணுமுணுக்கிற மருமக. ரெண்டு பேர் பேச்சும் கேக்கணும்னா மாமியார் வாயைக் கொஞ்ச நேரம் பொத்தித்தான் ஆகணும்."

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. அவருடைய மாமியார் அவரோடுதான் இருக்கிறார்.

இப்படி ஊரிலுள்ள தண்ணீர்த் தொட்டி, கொடித்துணி எல்லாம் அவர் படங்களில் பளிச்சென்று விழுந்தன. விழாதது மனைவியின் முகம் மட்டும். உடம்பு தெரியும், கழுத்துக்கு மேல் கரி. மச்சினி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அக்கா தலைக்குப் பதிலாகச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாளா என்று கேட்டதோடு நிற்காமல், சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அதை அனுப்பியும் வைத்தாள். மறுநாளே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு வானமும் முகமும் சேர்ந்து விழவேண்டும். இல்லையென்றால் கேமரா பரணுக்குப் போகும், இறங்காது.

அன்று சாயங்காலம் அவர் வேலை பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடிக்கு, லிப்டை அவரே நிறுத்தி வைத்திருந்ததால், அவள் படியேறித்தான் வந்தாள். வருகிற வழியில் மாடிக்கு மாடி அவரைப் பற்றி என்னென்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்தாள். புதுத்துணியை நீவிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் விசிறினார். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"மூஞ்சி எங்க?"

"இருக்கு. கொஞ்சம் கறுத்திருக்கு."

"அப்ப பரணுக்கு ஏணி போட்டுடுங்க."

அவர் திரையையே உற்றுப் பார்த்தார். தொடுவானம் சரியாக அவள் கழுத்தை ஒட்டி ஓடியது. தரையில் நிற்கிறவளின் தலை வானத்தின் பங்கில் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இத்தனை நாளும் உன்னையும் சேர்த்துல்ல பொத்தியிருக்கேன்."

"வீட்டுல முடியாததை இங்க வந்து செஞ்சிருக்கீங்க."

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கருவிப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே தன் சட்டையை விரித்து அவளை உட்கார வைத்தார். மோட்டார் அறையின் படிக்கட்டில் ஸ்டாண்டை ஏற்றி, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். இப்போது தொடுவானம் அவள் உச்சந்தலைக்கு மேலே போனது. போன் அடித்தது, கட்டடத்துச் செயலாளர். எடுக்கவில்லை. கதவு மூடுகிறவரை பேசக்கூடாது என்று மனைவியிடம் கெஞ்சினார். அவள் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்தாள்.

டொய்ங்... சர்ர்ர்... டப்.

ஆரஞ்சு வானம் அப்படியே இருந்தது. தொட்டிகள் இருந்தன. நடுவில், வேர்வை மின்ன, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் இருந்தாள். எழுந்து வந்து இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தாள். தொட்டிகள் போயின, வானமும் போயிற்று. முகம் மட்டும் மிஞ்சியது.

அவர் கட்டைவிரலின் கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.