திரும்பி வந்த கூறைச்சேலை

என் கலியாணம் குழம்பிய பிறகும் கூறைச்சேலை எங்கள் இல்ஃபோர்ட் வீட்டிலேயே இருந்தது. சட்டை தைப்பதற்கென்று மாப்பிள்ளை வீட்டார் அதை முன்கூட்டியே தந்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அதன் முன்னால் கொஞ்சநேரம் நிற்பார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. சேலை வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இணையச் சந்தையில் விற்பனைக்குப் போட்டேன்.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் ஒழுங்குபடுத்தாமல் செய்யத் தெரியாது. கரை, தலைப்பு, உட்பக்கம், வெட்டாத சட்டைத்துணி என்று தனித்தனியாகப் படமெடுத்தேன். ‘ஒருமுறையும் கட்டாதது’ என்று எழுதும்போது மட்டும் கை நின்றது.

நோர்பரியிலிருந்து ஒரு பெண் வாங்கினாள். பொதி கட்டியது அம்மா. “அந்தப் பிள்ளையெண்டாலும் நல்லா இருக்கட்டும்” என்றார்.

சில வாரங்களில் முறைப்பாடு வந்தது. சேலை ஏற்கெனவே கட்டியதாம், கறை இருக்கிறதாம். ஆதாரமாக ஒரு படம். தலைப்பின் மடிப்பில் சிவப்புத் தூள் சிந்தியிருந்தது. பக்கத்தில், எங்கள் வீட்டு நாட்காட்டித் தாளில் மடித்த சிறு பொட்டலம். கோயில் குங்குமம். எனக்குச் சொல்லாமல் அம்மா உள்ளே வைத்திருக்கிறார்.

என் படங்களையெல்லாம் அனுப்பினேன். சந்தைக்காரர்கள் அந்த ஒரு படத்தைத்தான் நம்பினார்கள். பணம் அவளுக்குப் போனது. சேலை எனக்கு வந்தது.

பொதியைப் பிரித்ததும் ஓமப்புகை மணத்தது. தோள்பக்கம் ஊசி குத்திய துளைகள். கொய்யக மடிப்புக்குள் மஞ்சள் அரிசி, காய்ந்த அறுகம்புல். அம்மா ஓர் அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இதைக் கட்டித்தான் தாலி ஏறியிருக்கு.”

“ஓம் அம்மா.”

“வாடகைச் சேலையெண்டு நினைச்சிட்டாளோ? அதெண்டாலும் வாடகை தரவேணும். நீ அவ்வளவு படம் எடுத்தனியே?”

“படம் இருக்கு. பார்க்கத்தான் ஆளில்லை.”

வேலையில் பிழை எழுதுவதுபோலவே மேன்முறையீடு எழுதினேன்: எதிர்பார்த்தது இது, நடந்தது இது. அரிசியையும் துளைகளையும் படமெடுத்துச் சேர்த்தேன். மறுநாளே பதில் வந்தது. கறை விற்றவர் பக்கத்தில் ஏற்பட்டது, முடிவு மாறாது. அந்த ஒன்றில் அவர்கள் சொன்னது உண்மைதான்.

அன்று பின்னேரம் அம்மா கேட்டார்.

“ஏனாம் திருப்பி அனுப்பினவள்?”

“நிறம் படத்தில இருந்த மாதிரி இல்லையாம்.”

அம்மா சேலையை மடியில் போட்டு மடிக்கத் தொடங்கினார். தலைப்பு வந்ததும் கை நின்றது. சிவப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“வகிட்டில வைக்கேக்க சிந்தியிருக்கு” என்றார். “நான் கொஞ்சம் குங்குமம் வச்சு விட்டனான், பிள்ளை. உனக்குச் சொல்லேல்லை. அதைத்தான் வச்சிருக்கிறாள் போல.”

“ஓம் அம்மா” என்றேன்.

அலுமாரிக் கதவை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா சேலையைப் பழைய இடத்திலேயே வைத்தார்.