மஞ்சள் பலகையும் மும்தாஜ் அக்காவும்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். எங்கள் பள்ளி வேனை ஓட்டிய மும்தாஜ் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போனில் வந்தது. “இப்பத்தானுங்க எங்க புள்ளைய எறக்கி உட்டுட்டுப் போனாங்க?” என்று மட்டும் கேட்டார் அப்பா. 

அக்காவைத் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர் உக்கடத்துக்காரர். எங்கள் வழியில் பாலம் கட்டத் தொடங்கியதிலிருந்து சாலையின் இரண்டு தடங்களில் ஒன்றை அடைத்திருந்தார்கள். அதற்கு முன்னால், அடைப்பைச் சொல்லும் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். அதைக் கண்டதும் அக்கா, “மஞ்ச போர்டு வந்திருச்சு சாமி, வாய மூடுங்க” என்பார். அடைத்த தடத்தோரம் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகள் முடியும்வரை வேனுக்குள் மூச்சுச் சத்தம்தான். தாண்டியதும், “இனிக் கத்துங்க” என்பார். கூரை அதிரக் கத்துவோம்.

இரண்டு தடமும் ஒன்றாகும் இடத்தில் ஒரு வண்டியை விட்டுத்தான் அவர் நுழைவார். கையை வெளியே நீட்டி, “நீங்க போங்க” என்பார். அது போனதும் அடுத்தவரிடம், “இனி நானுங்க” என்பார்.

ஒருநாள் பின்னாலிருந்த கார்க்காரர், “ஏனுங்க, கல்யாண வீட்டுப் பந்தியா இது? சட்டுனு போங்க!” என்று கத்தினார்.

“பந்தின்னாலும் ஒருத்தரு மடி மேல ஒருத்தரு உக்காரமாட்டமுங்களே!” என்றார் அக்கா. கார்க்காரரே சிரித்துவிட்டார்.

இன்னொரு நாள் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. கூம்புகளுக்குள் புகுந்து போகும் பைக்குகளைக் காட்டி, நாமும் போகலாம் என்று என் தோழி தீபிகா கெஞ்சினாள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பரீட்சைய மறுக்கா எழுதிக்கலாம் அம்மணி. உங்கம்மாளுக்கு மறுக்கா ஒரு தீபிகாவ நான் எங்க போய்க் கொண்டாருவேன்?”

அவர் இறந்த நாளின் பிற்பகலில், அதுவரை இடத் தடத்தில் இருந்த அடைப்பை வலத் தடத்துக்கு மாற்றினார்கள். ‘வலத் தடம் அடைப்பு, இடப்புறம் செல்லவும்’ என்று புதிய பலகையும் நட்டார்கள். நட்ட ஈரம் காய்வதற்குள் யாரோ அதன்மேல் காதணி விழா பிளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். எல்லோர் கண்ணிலும் படும் கம்பம் கிடைத்தால் எங்கள் ஊரில் சும்மா விடமாட்டோம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த லாரி வலத் தடத்தில் வேகமாக வந்தது. தடுப்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்தார். அங்கே காலி வேனில் அக்கா போய்க்கொண்டிருந்தார். பலகை தெரிந்திருந்தால் லாரிக்காரர் முன்பே ஒதுங்கியிருப்பார். அக்காவும், “நீங்க போங்க” என்றிருப்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பாவோடு பைக்கில் அவ்வழியே போனேன். காதணி விழா பிளெக்ஸைக் காணோம். அதே பலகையில் இப்போது ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ். அதில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற வேன் ஓட்டுநர்கள் கட்டியது. ஒரு பால் வண்டி தடுப்பருகே கிறீச்சிட்டு ஒடித்துத் திரும்பியது.

“அப்பா, போர்டு மறுபடியும் தெரியல!”

அப்பா, கட்டியவர்களில் ஒருவரான ராசு அண்ணனுக்குப் போன் செய்தார். “செத்தவங்க படத்தக் கழட்டறதுக்கு எனக்குக் கை வராதுங்க” என்று அவர் அழுதார். அப்பாவும் கயிற்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அக்காவின் கணவர் சலீம் பாயை அழைத்துச் சொன்னார். அவர் வரும்வரை அப்பா சாலையோரம் நின்று, வரும் வண்டிகளுக்குத் துண்டை வீசிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சலீம் பாய் தொழுகை முடித்து நேராக வந்தார். படத்தின்மேல் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்தார். “உன்னைய வெச்சே மறைச்சுப்போட்டாங்க பாரு புள்ள” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு முடிச்சுகளை அவிழ்த்துப் பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பலகை தெரிந்தது. வலத் தடத்தில் வந்த லாரி ஒன்று தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. இடத் தடத்தில் வந்த கார் அதற்கு வழிவிட்டது. நாங்கள் மூவரும் வாய் திறக்காமல் நின்றோம். இனிக் கத்துங்க என்று சொல்ல யாருமில்லை.

நீங்க போங்க, அக்கா.

நன்றாக விடிந்துவிட்டது. தடுப்புகளின் மேல் இரவெல்லாம் மினுங்கிய மஞ்சள் விளக்குகளைப் பாலம் கட்டுபவர்கள் அணைத்தார்கள்.