ரெஜினா சிஸ்டர் பூட்டிய கிட்டார்

குண்டலுபேட்டையில் தங்கை வீட்டில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மருத்துவமனை ஆயா மங்களம்மாவிடமிருந்து போன் வந்தது. “ரெஜினா சிஸ்டர் ஹோக்பிட்ரு” என்றார். போய்விட்டார்கள். காலையில் காபியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மாரடைப்பு. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடம் ஊரார் நாடியைப் பிடித்துப் பார்த்தவர், இரண்டு நாளாக இருந்த தன் நெஞ்சுவலியை வாயுத்தொல்லை என்று ஒதுக்கியிருக்கிறார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து மைசூருக்கு வந்து சேர்ந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா சிஸ்டர் எங்கள் ஆபரேஷன் தியேட்டரின் இன்சார்ஜ் நர்ஸ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பேச்சில் பாதி கன்னடமாக இருக்கும். நான் கொங்குத் தமிழ் பேசும் ராமாபுரத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். வந்த முதல் நாளே என்னுடைய ‘ஏனுங்க’வைக் கேலி செய்தார்; மதியம் தன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை என் தட்டில் போட்டார். இருபத்திரண்டு வருடம் அந்த இரண்டும் நிற்கவில்லை.

தியேட்டரில் அவருக்கு ஒரே சட்டம்: எந்தக் கணக்கையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் வயிற்றைத் தைத்து மூட அவசரப்பட்டார். சிஸ்டர் குறுக்கே நின்றார். “ஒரு பஞ்சுத்துணி கொறையுது டாக்டர். கெடைக்கிற வரைக்கும் தையல் பேடா.” வேண்டாம். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் துணி அந்த டாக்டரின் காலடியிலேயே கிடந்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை, மறுபடி ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் ஊசியை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கண்டிப்பான அம்மாள் வேறு ஆளாகிவிடுவார். அவர்கள் கோயில் பாடகர் குழுவில் பதினாறு வயதிலிருந்து கிட்டார் வாசித்தவர். நான் கோயிலுக்குப் போகிறவள் இல்லை என்றாலும், அவர் வாசிப்பைக் கேட்கவே கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன்.

ஐம்பத்துமூன்று வயதில் அவருடைய இடது கை விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம். மாத்திரையில் வலி குறைந்தது, ஆனால் மரக் கிட்டாரின் தடித்த கம்பிகளை அழுத்த முடியவில்லை. குழுத் தலைவர் அருள்ராஜ் நல்ல மனிதர்தான். நல்லவிதமாகவே சொல்லியிருக்கிறார்: “சிஸ்டர், இனிமே நீங்க பாடுங்க, அது போதும். வாசிக்கத்தான் கீபோர்டு இருக்கே.”

மறுநாள் கேன்டீனில் டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். “கை தோத்துப்போச்சுன்னு சொன்னா ஒத்துக்குவேன் வசந்தா. நான் தோத்துட்டேன்னு நெனச்சுட்டாங்களே” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தோசை வாங்கி வந்து முன்னால் வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தை நீட்டினார். எங்கள் மருத்துவமனை கேஸ் ஷீட். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ‘இன்னும் பிறக்கவில்லை’. எடை: மூன்று கிலோவுக்கு மேல் கூடாது. ஒவ்வாமை: தடித்த கம்பி, பருத்த நெக், அதாவது கையால் பிடிக்கும் கழுத்துப் பகுதி. எலக்ட்ரிக் கிட்டாருக்கு மெல்லிய கம்பி போதும், விரல் பட்டாலே பேசும் என்று கண்டுபிடித்திருந்தார். கடையில் விற்பவை ஒன்றும் அவர் கைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே பாகம் பாகமாக வரவழைத்துத் தானே பூட்டப் போகிறார். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அதை வாசிக்கப் போகிறார்.

“ஏனுங்க சிஸ்டர், உங்களுக்குப் பூட்டத் தெரியுமுங்களா?”

“இடுப்பெலும்புக்கு ஸ்க்ரூ போடறத எத்தனை வருஷமா பாத்துட்டிருக்கேன்! நீ செகண்ட் கையெழுத்து. ஆயித்து, போ.”

தையல் நூலை உள்ளங்கையில் சுற்றி அளந்து, நெக் எவ்வளவு ஒல்லியாக, எவ்வளவு குட்டையாக வேண்டும் என்று முடிவு செய்தார். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றே ஒன்று போதும் என்று எழுதினார். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு கையெழுத்து. எனக்குக் கிட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, இருந்தாலும் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டேன். பார்சல்கள் தியேட்டர் ஆபீசுக்கே வந்தன. நெக் வந்த நீளப் பெட்டியைப் பார்த்து எலும்பு டாக்டர், “இது எந்த பேஷன்டுக்கு?” என்று கேட்டார். “எனக்குத்தான் டாக்டர்” என்றார் சிஸ்டர்.

டிசம்பர் முதல் வாரத்தில் எல்லாம் வந்துவிட்டன. அவர் வீட்டு மேஜையில் பச்சைத் துணி விரித்து, பாகங்களை ஆபரேஷன் கருவிகள் மாதிரி வரிசையாக அடுக்கிப் பூட்டினோம். நெக் உடலோடு கச்சிதமாகப் பொருந்தியது. கம்பி மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு இனிமை! அடுத்து விரலை மேலே ஏற்றினார். சுருதி பிசகியது. இன்னும் ஏற ஏற, கேட்கச் சகிக்கவில்லை. சங்கீதம் தெரியாத எனக்கே பல் கூசியது.

சிஸ்டர் அளவுகோலை எடுத்தார். நெக்கின் தலைப்பிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் என்னும் குறுக்குக் கம்பி வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து கம்பி வந்து அமரும் பிரிட்ஜ் வரைக்கும் அதே தூரம் இருக்க வேண்டும். எங்களுடையதில் இல்லை. குட்டை நெக்கை வாங்கிவிட்டு, முழு நீள நெக்குக்காகத் துளை போட்ட உடலை வாங்கியிருந்தோம். ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். ‘பிரிட்ஜ் தூரம் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு நேராக இரண்டு கையெழுத்தும் ஜம்மென்று இருந்தன. அவர் போட்டிருந்ததைப் பார்த்து நான் போட்டேன். எப்படியும் நான் பார்ப்பேன் என்று நம்பி அவர் போட்டிருந்தார். பார்த்தவர் யாருமே இல்லை. இந்தத் தவறை இப்படிச் செய்ய எங்களைப் போன்ற இரண்டு நர்சுகளால்தான் முடியும்.

“என்னால கெட்டுதுங்க சிஸ்டர்” என்றேன்.

“சாக்கு, போதும், அழாத. நோடு, இத பாரு, தியேட்டர்ல இது நடந்திருந்தா? மரத்துல நடந்துச்சே, அதுக்கு சாமிக்கு நன்றி சொல்லு.”

உடலைத் திருப்பி அனுப்பி வேறு வாங்க நாள் இல்லை. பழைய துளைகளை அடைத்துவிட்டு பிரிட்ஜை முன்னால் நகர்த்த வேண்டும். ஒரு விரல் அகலம்கூட இல்லாத தூரம். ஆனால் புதுத் துளை மயிரிழை தவறினாலும் அந்த உடல் குப்பைக்குத்தான், கிறிஸ்துமஸும் போய்விடும். மருத்துவமனை தச்சர் சித்தராஜு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர். சனிக்கிழமை டிரில்லோடு வந்தார். சிஸ்டர் அவரை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். பாவம், மனிதர் எதற்கென்று கேட்காமல் கழுவினார்.

அன்று அவர் புதுச் சட்டம் ஒன்று போட்டார். மூன்று பேரும் தனித்தனியாக அளக்க வேண்டும், தனித்தனிக் காகிதத்தில் எழுத வேண்டும், எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது. முதல் தடவை மூன்று காகிதத்தில் மூன்று எண். இரண்டாம் தடவை நான் மட்டும் வேறு. நான்காம் தடவை மூன்றும் ஒன்றாக வந்தது. “ஹாக்ரி” என்றார் சிஸ்டர். போடுங்கள். சித்தராஜு துளை போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கம்பியை மறுபடி மாட்டி, விரலைக் கீழேயிருந்து மேல்வரை கொண்டுபோனார். ஒவ்வொரு படியிலும் சுருதி சரியாக நின்றது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அப்புறம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினார் பாருங்கள், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் அருள்ராஜ் அந்தக் கிட்டாரைப் பார்த்துத் தயங்கினார். “ஒரு பாட்டு வாசிச்சுப் பாருங்க சிஸ்டர், கஷ்டமா இருந்தா விட்டுடலாம்.” சிஸ்டர் கிட்டார் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். வீங்கிய விரல்களோடு ஒன்பது பாட்டையும் வாசித்தார். கோயிலில் கைதட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. தட்டிவிட்டேன். என்னைப் பார்த்து முழுக் கோயிலும் தட்டியது. அருள்ராஜ் நேரே வந்து, “அடுத்த ப்ராக்டிஸ் எப்ப வச்சுக்கலாம் சிஸ்டர்?” என்றார்.

“சனிக்கிழமை சாயந்திரம். மொதல்ல அந்தக் கீபோர்டு தாளத்த நிறுத்துங்க, தம்பி.”

அதன்பின் ஐந்து வருடம், ஒரு ஞாயிறு விடாமல் வாசித்தார். தனித்தனியாக எழுதி ஒப்பிடும் சட்டம் எங்கள் தியேட்டருக்கும் வந்தது. இன்றைக்கும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

எங்கள் நர்சுகளில் ஒருவர் இறந்தால், உடலைத் துடைத்து உடுத்துவதை நாங்கள் வெளியாரிடம் விடுவதில்லை. அன்றைக்கு மைசூர் வந்து இறங்கியதும் அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முகத்தைத் துடைத்தேன், வலது கையைத் துடைத்தேன், இடது கையை எடுத்தேன். மூட்டுகள் கோணியிருந்தன. விரல் நுனிகளைத் துடைக்கும்போது துணி சொரசொரவென்று பிடித்தது. திருப்பிப் பார்த்தேன். நான்கு விரல் நுனியிலும் கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தது. நல்ல கெட்டியான காய்ப்பு. ஓய்ந்துபோன கையில் அப்படி இருக்காது. மங்களம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அருள்ராஜை உள்ளே வரச் சொல்லி அவரையும் தொட வைத்தேன். அவர் அந்த நான்கு விரலையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டியில் அந்த இடது கையைத்தான் மேலே வைத்தேன், ஊரே பார்க்கட்டும் என்று. ஜெயித்துவிட்டுத்தான் போகிறீர்கள் சிஸ்டர். போய் வாருங்கள்.