பேரிலேயே இரண்டு கொம்பு

“நம்ம கொம்பு மேடம் போயிட்டாங்களாமே, நெசமா?” என்று காலையில் வெங்காய மண்டி முதலாளி போனில் கேட்டார். “ஆமாங்க, நேத்து சாயங்காலமே அரியலூர் பஸ்ஸுல போயிட்டாங்க. இப்ப வந்துடுவாங்க, பேசச் சொல்றேன்” என்றேன். அவர் மெதுவாக, “கண்ணன், நான் அந்தப் போறதைக் கேக்கல” என்றார். பொற்கொடி தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோன செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதம் இதுதான். அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பார்.

பெரம்பலூரில் ஒரு டயர் கடை மாடியில் நாங்கள் இருவரும் கூட்டாக கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்தியது அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும். மண்டிகளுக்கும் எடைமேடைகளுக்கும் சீட்டு அச்சடிக்கும் புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். எழுதுவதற்கு அவர் வைத்திருந்த எடிட்டர் மென்பொருள் நாங்கள் கல்லூரியில் படித்த காலத்திலேயே பழசு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸை ஏறெடுத்தும் பார்க்காது. ஆங்கிலத்தில் குதிரையாய் ஓடும். தமிழைக் கண்டால் பிய்த்துப் போட்டுவிடும். ‘பொ’ என்று அடித்தால் ‘ப’ ஓரிடம், கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். புது எடிட்டருக்கு மாறிவிடலாம் என்று நான் எவ்வளவோ மன்றாடினேன். “ஓடு ஒழுகுதுன்னா ஓட்டைத்தானே மாத்தணும், வூட்டையா மாத்துவாங்க?” என்பார். மேலும் வற்புறுத்தினால், “பேருலேயே ரெண்டு கொம்பு வெச்சிருக்கேன், முட்டத்தானே செய்வேன்?” என்பார். மண்டியில் அவருக்குக் ‘கொம்பு மேடம்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

ஓட்டை மாற்றச் சொல்லி எடிட்டரைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், ஓர் எழுத்தை அழித்தால் அது கொம்போடும் காலோடும் முழுசாகப் போக வேண்டும், இவ்வளவுதான் கேட்டார். அது எங்கள் வேலையில்லை, திரையைக் காட்டும் புரோகிராமைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. அவர்களைக் கேட்டால் எழுத்துரு செய்தவரைக் கை காட்டினார்கள். எழுத்துருக்காரர் எடிட்டரைக் கேளுங்கள் என்றார். “தாலுகா ஆபீஸ் நம்ம ஊருல மட்டுந்தான்னு நெனச்சேன் கண்ணன். உலகம் பூரா கிளை வெச்சிருக்கான்” என்றார் பொற்கொடி.

ஒருநாள் அரியலூர் பஸ்ஸில் போய்க்கொண்டே என்னிடம் போனில் பேசினார். “கொம்பு தனியா நிக்குது, கால் ஒடஞ்சு கெடக்குது, எது வெச்சாலும் நிக்க மாட்டேங்குது. பேசாம அழிச்சுடுங்க” என்றார். பக்கத்து சீட்டுக்காரர் பதறியது எனக்கே கேட்டது. “அதுக்காக அழிச்சுடுறதாம்மா, பாவம்! அரும்பாவூர்ல நல்ல மாட்டு டாக்டர் இருக்காரு, நம்பர் தரேன்.” மறுத்தால் அவர் மனசு சங்கடப்படும் என்று பொற்கொடி நினைத்தாரோ என்னவோ, “கருப்பு மாடுங்க, வயசாயிடுச்சு, இங்கிலீஷ் தீவனந்தான் திங்குது” என்று விவரம் சொல்லி நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் சிரிப்போடு போய்விடவில்லை. மண்டிச் சீட்டில் மண், சருகுக்காகக் குறைக்கும் எடையைக் ‘கழிவு’ என்று போடுவது வழக்கம். நம் பக்கத்து வாய்க்கு அது களிவு. பொற்கொடி ஏதோ அவசரத்தில் ‘களிவு’ என்றே அடித்துவிட்டு, உடனே கண்டுபிடித்து, ‘ளி’யை அழித்தார். எடிட்டர் தன் குணப்படி தலையிலிருந்த கொக்கியை மட்டும் அழித்துவிட்டு ‘ள’வை அப்படியே விட்டுவைத்தது. ‘ழி’ அடிப்பதற்குள் யாரோ கூப்பிட, சேமித்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் மண்டியில் ஒவ்வொரு சீட்டிலும் ‘களவு: 3 கிலோ’, ‘களவு: 5 கிலோ’ என்று அச்சாகி வந்தது. “இன்னிக்குத்தான் உள்ளதைப் போட்டிருக்காங்க” என்று விவசாயிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதலாளி மாடியேறி வந்து குதித்தார். “இங்கிலீஷ்ல போட்டுத் தொலைம்மா. தப்பு வந்தாலும் ஒருத்தனுக்கும் புரியாது!”

“அதுக்குத்தாங்க தமிழ்ல போடறேன்” என்றார் பொற்கொடி. பிறகு குரலை இறக்கிச் சொன்னார். “எங்கம்மா மூட்டை போட்டுட்டு, என்ன எழுதியிருக்குன்னு கண்டவங்கிட்ட சீட்டை நீட்டிக்கிட்டு நிக்கும். அது இனிமே வேணாங்க.”

முதலாளி போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “இன்னொரு எழுத்து தப்பா வரட்டும், அன்னியோட தமிழுக்கு முழுக்கு.” அன்றிலிருந்து பொற்கொடி எழுத்தை அழிப்பதையே விட்டுவிட்டார். ஓர் எழுத்து பிசகினாலும் சொல்லையே வேரோடு எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பார்; தாளில் அச்சடித்து வாய்விட்டுப் படித்த பிறகே சேமிப்பார். அப்புறம் ஒரு சீட்டும் பிசகவில்லை. அவர் போன செய்தி வந்ததும், துக்கத்துக்கு நடுவிலும், இனி சீட்டு இங்கிலீஷ்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அரியலூரில், கல்லங்குறிச்சி ரோட்டில் அவர் தெரு முனையில் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். படம் அழகாக இருந்தது. பெயரில் கொம்பு இரண்டும் எழுத்தை விட்டு விலகி, கால்கள் தனியே நின்றன. துக்க வீட்டில் இதைப் போய் யாரிடம் சொல்வது? அப்போதுதான் மண்டி முதலாளி மாலையோடு வந்தார். பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா இதை அடிச்சது? கொம்பு எங்க நிக்குது பாரு!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். “கழட்டுங்க அதை. அந்தம்மா இதைத் தாண்டிப் போகுமா?”

தன் காரிலேயே என்னை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னத் தாளில் அடித்துக் காட்டச் சொல்லி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்கி வந்தேன். புது பேனரைக் கட்டிய பிறகே உடலை எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது முதலாளி, “சீட்டு தமிழ்லயே வரட்டும் கண்ணன். நீங்க பாத்துக்குங்க” என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

பொற்கொடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால், பெயர் உடைந்து நின்றால் கடந்து போக முடியாத இந்தப் புத்திதான். போன வாரம் வாலிகண்டபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு கோமதியம்மாளின் அஞ்சலி பேனரில் ‘கோ’ மூன்று துண்டாகக் கிடந்தது. கீழே குடும்பத்தாரின் நம்பர் இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“ஒண்ணும் வேணாங்க” என்றேன். “பேரு சரியா இருந்தாப் போதும்.”