கேரல் பவனிக்கு முன்னால் நடந்தவன்

ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பவனுக்குக் கொள்கை பிறகு. எது முட்டுச்சந்து என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கோஷம் போட்டுத் தொண்டையும் நடந்து முழங்காலும் தேய்ந்த என் போன்றவர்களுக்கு இது புரியும். முப்பது வருடம் திண்டிவனத்தில் ஊர்வலம் நடத்தினேன். கட்சி என்னை மறந்துவிட்டது. இப்போது கூட்டத்துக்கு அழைப்புகூட வருவதில்லை. கூப்பிட்டது சர்ச் பாடகர் குழுதான். நான்கு டிசம்பராக, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் அவர்களுடைய கேரல் பவனிக்கு முன்னால் விசிலோடு நடக்கிறேன். வெகுகாலம் எங்கள் தெருவில் பவனி நிற்காத வீடு ஒன்றுதான் இருந்தது. அது என் வீடு. என் மனைவி எஸ்தருக்கு அது ஆறாத குறையாக இருந்தது.

அனுமதி மனு

பாடகர் குழுவை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர், ஒலிபெருக்கி அனுமதிக்காக இரண்டு முறை அலைந்துவிட்டு என்னிடம் வந்தார். மனு எழுதுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் அல்ல. தெருக்களின் பெயர், புறப்படும் நேரம், பொறுப்பாளர் கையெழுத்து என்று வரிசையாக எழுதி ஸ்டேஷனில் நீட்டினேன். என்னைப் பலமுறை வேனில் ஏற்றிய ஏட்டு அதை இரண்டு தடவை படித்தார். "எப்பவும் கண்டனம்னு எழுதிக்கினு வருவீங்க. இன்னிக்கு பாட்டு பாடப் போறோம்னு இருக்குது. உடம்பு நல்லாத்தானங்க இருக்குது?"

துண்டறிக்கை

வரலாறு தெரியாமல் எதிலும் இறங்கக் கூடாது என்பது துண்டறிக்கை படித்தே வளர்ந்தவனின் பழக்கம். விழுப்புரம் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். கேரல் முதலில் சர்ச் பாட்டே இல்லை. ஐரோப்பாவில் சனங்கள் கைகோத்து வட்டமாக ஆடிப் பாடியது அது. குருமார்கள் முகம் சுளித்தார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கே தடை போட்டார்கள். அப்போதும் சனங்கள் வாயிலிருந்து பாட்டைப் பிடுங்க முடியவில்லை. வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்ததைச் சர்ச் வெகுகாலம் கழித்துத்தான் உள்ளே விட்டது.

இதையெல்லாம் நான்கு பக்கம் எழுதி, ஒத்திகையில் ஒரு வரி விடாமல் வாசித்தேன். டிரம் வாசிக்கும் ஆட்டோக்காரர் டேனியல் கொட்டாவியை முடித்துக்கொண்டு சொன்னார்: "அப்ப இதுவும் தடையை மீறுன கேசுதானா தலைவரே? அதான் கரெக்டா வந்து சேந்துகினீங்க."

பழைய வாய்

முதல் வருடம், பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது குழு சோர்ந்துவிட்டது. என்னையறியாமல் முஷ்டி உயர்ந்தது. பல்லவியை நான் துண்டு துண்டாகச் சொல்ல, பின்னால் வந்தவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பாட்டு கோஷமாகிவிட்டது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டு வெளியே வந்து, யாருக்கு ஓட்டுக் கேட்கிறோம் என்று விசாரித்தார். "பொறந்த கொழந்தைக்கு" என்றார் டேனியல். கடைக்காரர் கிளாஸ்களை எடுத்து அடுக்கினார். "அது ஒண்ணும் வாக்கு குடுத்துட்டு ஏமாத்தாது. எல்லாரும் வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

பழைய நோட்டு

ஒரு காலத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குச் சர்ச்சில் கடைசி பெஞ்சுகள்தான். அதைக் கண்டித்து அட்டை பிடித்துக்கொண்டு சர்ச் வாசலில் உட்கார்ந்தேன். சில வருடத்தில் பெஞ்சு மாறியது. அதற்குள், பவனி நிற்க வேண்டிய வீடுகளை எழுதி வைக்கும் கேரல் நோட்டில் என் வீட்டுப் பெயரை அடித்துவிட்டார்கள். அடித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் வருடா வருடம் பழைய நோட்டைப் பார்த்தே புதுப் பட்டியல் எழுதுவது வழக்கம். ஊருக்கெல்லாம் மனு எழுதிய நான் இதற்கு மட்டும் எழுதவில்லை. கேட்டு வாங்கும் பாட்டு எனக்கு வேண்டாம் என்ற வீம்பு. சர்ச்சுக்கு எஸ்தர் தனியாகவே போய்வந்தாள்.

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், எஸ்தர் ஒரு பெரிய குண்டான் நிறைய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வேகவைத்தாள். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு மூடினாள். பவனி எங்கள் தெருவுக்குள் வந்ததும் வழக்கம்போல என் வாசலைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். ஊர்வலத்தில் திரும்பிப் பார்ப்பவன் தலைவன் அல்ல என்பது என் பாடம். தெருமுனையில் விசில் ஊதினேன். பின்னால் ஒருவரும் இல்லை.

பாட்டு என் வீட்டு வாசலில் கேட்டது. ஸ்டெல்லா டீச்சர் தன் கையாலேயே நோட்டில் எங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார். ஓடி வந்தேன். யாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எனக்குக் கோஷம்தான் தெரியும். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊரையெல்லாம் நிறுத்துனீங்க. சொந்த வீட்டாண்ட நிக்கத் தெரியலியே. வாங்க, மல்லாட்டை ஆறுது."

வாழ்நாளெல்லாம் கோரிக்கை வைத்த எனக்கு, கேட்காமலே நிறைவேறியது ஒன்றுதான். அதையும் தாண்டிப் போய் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.